எல்லா டிராக்கிலும் ஒரே ஆள்

ஒரே ஆள் எல்லா வாத்தியத்தையும் வாசித்து, பாடி, பதிவு செய்யும் பாட்டில் முதலில் அடிவாங்குவது லயம்தான். சுருதி தப்பினால் உடனே காதில் உறுத்தும், திரும்பப் பாடிவிடலாம். லயம் அப்படிக் காட்டிக்கொடுக்காது. ஒவ்வொரு டிராக்கையும், அதாவது ஒவ்வொரு வாத்தியத்தின் தனிப் பதிவையும், தனியாகக் கேட்டால் சரியாகவே இருக்கும். சேர்த்துப் போட்டால் பாட்டு எங்கோ இழுத்துக்கொண்டே போகும். நான்கைந்து பேர் கூடி வாசிக்கும்போது டிரம்ஸ்காரர் கொஞ்சம் முந்தினால் பேஸ் கிட்டார்காரர் பிடித்து நிறுத்துவார். பாடுபவர் ஒரு வரியை நிதானமாக எடுத்தால் எல்லோரும் கூடவே காத்திருப்பார்கள். தனியாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியும்போது இந்தக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. இன்று நான் வாசிக்கும் பேஸ், நேற்று நான் வாசித்த கிட்டாரின் காதில் விழப்போவதில்லை. பேஸ்தான் கிட்டாருக்குப் பின்னால் ஓட வேண்டும், அதன் தடுமாற்றத்தையும் சுமந்துகொண்டு.

அதனால் எந்த வாத்தியத்தை முதலில் பதிவது என்பதற்கு நான் ரொம்பவே மெனக்கெடுவேன். கிளிக்கை (வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் சத்தம்) ஓடவிட்டு, வழிகாட்டியாக ஒரு கிட்டாரும் குரலும் முதலில். வழிகாட்டிக் குரல்தானே என்று முணுமுணுக்கக் கூடாது, மேடையில் பாடுவது போல முழுக் குரலில் பாட வேண்டும். அடுத்து டிரம்ஸ் வாசிக்க உட்காரும்போது எனக்கு இருக்கப்போகும் ஒரே துணை அந்தக் குரல்தான். எங்கே அடக்கி வாசிப்பது, எங்கே திறந்து அடிப்பது என்பதை அதுதான் சொல்லும். டிரம்ஸ் முடிந்ததும் வழிகாட்டிக் கிட்டாரை அழித்துவிடுவேன். மியூட் செய்துவைப்பதுகூட இல்லை. இருந்தால் அதைக் கேட்டு பேஸ் வாசிக்கத் தோன்றும். டிரம்ஸையும் குரலையும் மட்டும் கேட்டு பேஸ், அதன்மேல் புதிதாகக் கிட்டார், பிறகு கீபோர்டு, கடைசியில் குரல். சில பாட்டுகளில் வழிகாட்டிக் குரலே கடைசிவரை நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை முறை பாடினாலும் அந்த அலட்சியமான அழகு வரவில்லை.

பாட்டின் வேகத்தைக் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு முடிவு செய்யாதீர்கள். கை எப்போதும் கொஞ்சம் வேகமாகத்தான் போகும். எல்லாப் பாட்டிலும் எழுத்துகள் நெருக்கிக்கொண்டு விழும் வரி ஒன்று சரணத்தில் இருக்கும். அந்த வரியை எழுந்து நின்று, தொடையில் தட்டிப் பாடிப் பாருங்கள். சொல் சிதையாமல், மூச்சு முட்டாமல் எந்த வேகத்தில் வருகிறதோ அதுதான் வேகம். நிமிடத்துக்கு 96 அடி என்று நினைத்த பாட்டு 91-இல் வந்து உட்காரும். ஐந்து அடிதானே என்று தோன்றும், பாடிப் பார்த்தால் வேறு பாட்டு. வாத்தியம் பழகும்போதும் கிளிக்கை எல்லா அடிக்கும் வைத்துக்கொள்வதில்லை. இரண்டாவது, நான்காவது அடிக்கு மட்டும் வைப்பேன். மற்ற இரண்டு அடிக்கு நான்தான் பொறுப்பு.

இன்னொன்று, கணினியில் பதிபவர்கள் தன் லயத்தின் மேல் சந்தேகப்படும் முன் லேட்டன்சியை, அதாவது வாசித்த சத்தம் கணினிக்குள் போய்த் திரும்பக் காதுக்கு வரும் தாமதத்தைப் பார்க்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 ஒலி மாதிரி (சாம்பிள்) எடுக்கும்போது, பஃபர் (கணினி ஒரே முறையில் சேர்த்து எடுத்துக்கொள்ளும் தொகுதி) 256 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கே சுமார் 5.3 மில்லிசெகண்ட். உள்ளே போய் வெளியே வர, ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் மாற்றிகளின் தாமதமும் சேர்ந்து 10-ஐத் தாண்டும். கிட்டாருக்கு அது பெரிதாகத் தெரியாது. சொந்தக் குரல் ஹெட்ஃபோனில் அந்தத் தாமதத்தோடு வந்தால் பாடவே முடியாது. பதியும்போது பஃபரை 64-க்கு இறக்குங்கள், அல்லது மைக்கையும் கணினியையும் இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸிலிருந்தே நேராகக் கேட்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். டிராக்குகளைச் சேர்த்துக் கலக்கும் மிக்ஸிங்கின்போது ஏற்றிக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் தானே வாசிக்கும் ஆசை கணினி வந்த பிறகு பிறந்ததும் இல்லை. 1941-லேயே அமெரிக்க ஜாஸ் கலைஞர் சிட்னி பெஷே கிளாரினெட், சாக்ஸபோன், பியானோ, பேஸ், டிரம்ஸ் என்று ஒவ்வொன்றாகத் தானே வாசித்து அடுக்கிப் பதிவு செய்துவிட்டார். அமெரிக்க ஸ்டுடியோக்களுக்கு டேப் வருவதற்கு முந்தைய காலம் அது. ஒவ்வொரு அடுக்குக்கும் முந்தைய பதிவை ஓடவிட்டு, கூடவே வாசித்து, புதிதாக ஒரு இசைத்தட்டில் வெட்ட வேண்டும். 1979-இல் டாஸ்காம் நிறுவனம் சாதாரண கேசட்டில் நான்கு டிராக் பதியும் போர்ட்டாஸ்டுடியோவைக் கொண்டுவந்த பிறகுதான் இந்த வேலை வீட்டு மேசைக்கு வந்தது. நான்கு டிராக் போதாவிட்டால் மூன்றை ஒன்றாகக் கலந்து நான்காவதில் இறக்க வேண்டும். இறக்கி, பழைய மூன்றின்மேல் புதிதாகப் பதிந்துவிட்டால் திரும்பப் பிரிக்க முடியாது. இன்று டிராக் எண்ணிக்கைக்கு வரம்பே இல்லாததால் முடிவெடுப்பதைத் தள்ளிப்போடப் பழகிவிட்டோம். நான் ஒரு பாட்டுக்குப் பன்னிரண்டு டிராக் என்று எனக்கே வரம்பு போட்டுக்கொள்கிறேன். பதின்மூன்றாவது வேண்டுமென்றால் ஒன்று வெளியே போக வேண்டும்.

அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் 1978-இல் வந்த தன் முதல் ஆல்பத்தில் எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்தார் என்பதை இந்தத் துறைக்கு வரும் இளைஞர்கள் எல்லோரும் சொல்வார்கள். அதே பிரின்ஸ் மேடைக்கு ஒரு முழு இசைக்குழுவோடுதான் போனார் என்பதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

பல வாத்தியம் வாசிப்பவர் என்று அறிமுகமாகும்போது ஒரு சங்கடம் உண்டு. எல்லாவற்றிலும் அரைகுறை என்ற சந்தேகம் எதிரில் இருப்பவர் கண்ணில் தெரியும். பாதி சமயம் அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். நான் என் வாத்தியங்களை மூன்றாகப் பிரித்துவைத்திருக்கிறேன். கிட்டார் எந்த மேடையிலும், யாருக்குப் பின்னாலும், ஒத்திகை இல்லாமல் வாசிக்கும் அளவுக்கு. கீபோர்டும் பேஸும் முன்கூட்டியே பாட்டைக் கொடுத்தால் பொறுப்போடு வாசிக்கும் அளவுக்கு. டிரம்ஸ், மாண்டலின், புல்லாங்குழல் எல்லாம் என் சொந்த அறைக்குள், என் பாட்டுக்கு மட்டும். வயலின் எனக்கு வரும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. ஃபிரெட் (விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் குறுக்குக் கம்பி) இல்லாத வாத்தியத்தில் 'சுமாராக வரும்' என்று ஒரு நிலையே கிடையாது. இந்தப் பட்டியலைக் கேட்பவர்களிடம் அப்படியே சொல்லிவிடுவேன். "பேஸ் வாசிப்பேன், ஆனா பாட்டை முன்னாடியே அனுப்பிடுங்க" என்று சொல்வதால் வாய்ப்பு போனதில்லை. மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள்.

உடம்பும் இதில் ஒரு பங்காளி. விரலால் மீட்டும் கிட்டாருக்கு வலது கை நகம் வேண்டும். அந்த நகத்தோடு கீபோர்டு வாசித்தால் கட்டையில் டக் டக் என்று சத்தம் வரும், மைக் பக்கத்தில் இருந்தால் அதுவும் பதிவாகும். இடது கை நகம் எப்போதும் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். ஸ்டீல் கம்பியில் காய்த்த விரல்நுனியோடு கீபோர்டில் உட்காரும்போது முதல் சில நிமிடம் மரக்கட்டையால் தொடுவது போல இருக்கும். புல்லாங்குழல் ஊதிவிட்டு உடனே பாடினால் மூச்சு வேறு கணக்கில் ஓடும். அதனால் தினசரிப் பயிற்சியில் குரலுக்குத்தான் முதலிடம், உடம்பு களைக்கும் முன். ஊதும் வாத்தியத்துக்கும் அதற்கும் நடுவில் ஏதாவது கம்பி வாத்தியம். எல்லாவற்றையும் தினமும் தொட முடியாது, தொடவும் தேவையில்லை. வரப்போகும் நிகழ்ச்சிக்கு வேண்டியதை மட்டும் கூர்தீட்டிவைத்தால் போதும். மற்றவை கொஞ்சம் துருப்பிடிக்கட்டும், போகாது.

பல வாத்தியம் தெரிவதில் உண்மையான லாபம் மெட்டு போடும்போதுதான். கிட்டாரில் உட்கார்ந்தால் என் கை தானாக ஜி, டி, ஈ என்று விரல் வைக்காத திறந்த கம்பிகள் ஒலிக்கும் கார்டுகளுக்குத்தான் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) போகும். அங்கேதான் சத்தம் நிறைவாக இருக்கும். அதனால் கிட்டாரில் பிறந்த பாட்டெல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள் போலவே இருக்கும். அதே மெட்டைக் கீபோர்டுக்குக் கொண்டுபோனால் கார்டின் அடிச்சுரத்தை மட்டும் நகர்த்திப் பார்க்கத் தோன்றும். கிட்டாரில் அது கைக்கு எட்டாத இடம். பேஸில் மட்டும் பாடிப் பார்த்தால் எந்தக் கார்டு தேவையே இல்லை என்று தெரிந்துவிடும். பாட்டு மாட்டிக்கொண்டால் நான் வரியை மாற்றுவதில்லை, வாத்தியத்தை மாற்றுகிறேன். கடைசியாகக் குரலுக்கு எந்தச் சுருதி சுகமோ அங்கே நகர்த்துகிறேன். டி-யில் பிறந்த பாட்டு ஈ-ஃபிளாட்டில் நன்றாக இருந்தால் முதல் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் அமுக்கிச் சுருதியை உயர்த்தும் கிளிப்), முடிந்தது. கை பழகிய சுருதியில் பாடி, உச்சஸ்தாயியில் தொண்டையைக் கிழித்துக்கொள்ளும் பாடகர்களைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். கேப்போ எதற்கு இருக்கிறது?

வரி எழுதுவதில் மட்டும் எந்த வாத்தியமும் உதவாது. மெட்டு முதலில் வந்து, அதற்கு வரி எழுதும்போது நான் பார்ப்பது குறில் நெடில். நீண்ட சுரத்தில் குறில் எழுத்தை உட்காரவைத்தால் பாடுபவர் அதை இழுத்தே ஆக வேண்டும், இழுத்தால் சொல் மாறிவிடும். 'மனம்' என்று எழுதியது 'மானம்' என்று கேட்கும். 'கல்' என்று எழுதியது 'கால்' ஆகிவிடும். கேட்பவர்கள் தாங்களாகவே சரிசெய்து புரிந்துகொள்வார்கள் என்பது உண்மைதான், ஆனால் முதல் முறை கேட்கும்போது அந்த இடத்தில் ஒரு நொடி தடுக்கும். உச்ச சுரத்தில் 'ஆ' அல்லது 'ஏ' வந்தால் வாய் திறந்து குரல் தாராளமாகப் போகும். 'உ' வந்தால் குரல் குறுகும். அதைச் சோகத்துக்கு வேண்டுமென்றே வைக்கலாம். வரியின் முடிவில் 'ம்' வந்தால் உதட்டை மூடி ரீங்கரித்து அடுத்த வரிக்கு மூச்சைச் சேமிக்கலாம். 'ப' வரியின் முதலெழுத்தாக வந்தால் மைக்கில் புஸ் என்று காற்று அடிக்கும். மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிவைத்தால் சரியாகும். வேகமான சரணத்தில் ழகரமும் ளகரமும் அடுத்தடுத்து வந்தால் அதை எழுதிய நானே பாட முடியாமல் நிற்பேன். கவிதையாக அந்த வரி எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, வெட்டித்தான் ஆக வேண்டும். எழுதுபவரும் பாடுபவரும் ஒரே ஆளாக இருப்பதில் உள்ள ஒரே நிம்மதி, வெட்டும்போது யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். சொந்தப் பாட்டு எனக்குச் சோறு போடவில்லை. சொந்தப் பாட்டு பாடுபவன் என்ற அடையாளம், அடுத்தவர் பாட்டுக்கு வாசிக்கும் வேலையைக் கொண்டுவந்தது. அந்த வேலைதான் சோறு போடுகிறது. இதைத் தோல்வி மாதிரி சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பயணத்துக்குக் கிளம்பும் ஒரு குழுவில் இடம் எப்போதும் பற்றாக்குறைதான். கீபோர்டுக்கு ஒருவர், இரண்டாவது கிட்டாருக்கு ஒருவர், பின்னணிக் குரலுக்கு ஒருவர் என்று மூன்று பேரை அழைத்துப்போகும் செலவை எந்தக் குழுத் தலைவரும் விரும்புவதில்லை. எனக்கு வந்த முதல் நல்ல வேலையே, "தம்பி, கிட்டாரோட சேர்த்து கீபோர்டும் பார்த்துப்பியா? கோரஸுக்கு ஒரு குரலும் வேணும்" என்ற கேள்வியில்தான் வந்தது. "பார்த்துக்கிறேன்ணே" என்றேன். வாய்ப்பு வந்தது திறமையாலா, மூன்று பேர் செலவு ஒருவரோடு முடிந்ததாலா என்று ஆராய்ந்துகொண்டிருந்தால் பிழைக்க முடியாது.

ஆனால் மூன்று வேலைக்கு ஒரு ஆள் கூலியில் நிற்கக் கூடாது. இதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். மேடை என்றால் ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு, கூடுதல் வாத்தியத்துக்கு இவ்வளவு, ஒத்திகைக்குத் தனி, பயண நாளுக்குத் தனி. என் அறையில் பதிந்து அனுப்பும் வேலை என்றால் ஒரு பாட்டுக்கு ஒரு வாத்தியத்துக்கு இவ்வளவு, இரண்டு திருத்தம் வரை சேர்த்தி, மூன்றாவதிலிருந்து தனிக் கணக்கு. இந்தத் திருத்தக் கணக்கை எழுதாமல் விட்டால், "சும்மா ஒரு சின்ன சேஞ்ச் ப்ரோ" என்று மாதக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். எழுதி அனுப்பியவுடன் பலருக்கு முதல் டேக்கே பிடித்துவிடுகிறது, அது எப்படியென்று தெரியவில்லை. கோப்பை எந்த வடிவில் கொடுப்பது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். நான் கொடுப்பது 24 பிட் வேவ் (சுருக்காத ஒலி) கோப்பு, பாட்டின் தொடக்கத்திலிருந்தே தொடங்கும், எஃபெக்ட் சேர்க்காத ஒன்றும் சேர்த்த ஒன்றும். மறுமுனையில் மிக்ஸ் செய்பவர் எதையும் தேடி நகர்த்தத் தேவையில்லை. அவர் அடுத்த முறை என் பெயரைச் சொல்வதற்கு அதுவே பெரிய காரணம், நான் எப்படி வாசித்தேன் என்பதைவிட.

சொந்தப் பாட்டில் பணம் வரும் வழி ஸ்ட்ரீமிங் மட்டும் என்று நினைத்தால் சோர்ந்துபோவோம். ஒரு முறை கேட்டால் இவ்வளவு என்று நிலையான விலை எதுவும் இல்லை. மொத்த வருமானத்தை மொத்தக் கேட்பில் உங்கள் பங்குக்கு ஏற்பப் பிரிக்கிறார்கள். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடியாவது ஓடினால்தான் ஒரு கேட்பாகக் கணக்கு. 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 கேட்பைத் தொடாத பாட்டுக்கு ஒலிப்பதிவு உரிமைத்தொகையே கிடையாது. அதனால் ஆண்டுக்குப் பத்துப் பாட்டை அவசரமாகத் தள்ளிவிடுவதைவிட, மூன்று பாட்டை விடாமல் முன்னால் வைத்துக்கொண்டிருப்பது மேல் என்பது என் கணக்கு. வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பு ஸ்பாட்டிஃபை ஆர்ட்டிஸ்ட் பக்கத்திலிருந்து பாட்டைப் பிளேலிஸ்ட் பரிந்துரைக்கு அனுப்ப வேண்டும். ஸ்ட்ரீமிங் தளங்களுக்குப் பாட்டைக் கொண்டுசேர்க்கும் விநியோகஸ்தருக்கு நான் ஒரு மாதம் முன்பே ஏற்றிவிடுகிறேன், ஏதாவது எழுத்துப்பிழை, அட்டைப்படக் குளறுபடி என்று திருப்பி அனுப்பினாலும் நேரம் இருக்கும். "உங்கள் பாட்டுக்கு லட்சம் கேட்பு வாங்கித் தருகிறோம்" என்று வரும் அழைப்புகளைத் தொடவே வேண்டாம். இயந்திரக் கேட்பு என்று கண்டுபிடித்தால் பாட்டையே தூக்கிவிடுவார்கள்.

பாட்டு என்பது உரிமைக் கணக்கில் இரண்டு சொத்து. வரியும் மெட்டும் ஒன்று. அதைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு இன்னொன்று. தனியாக இயங்குபவருக்கு இரண்டும் ஒரே கையில் இருப்பதால் இரண்டும் ஒன்று போலத் தோன்றும், பணம் வரும் வழி இரண்டும் வேறு. விநியோகஸ்தர் கொண்டுவருவது பெரும்பாலும் ஒலிப்பதிவுக்கான பணம். எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உள்ள பங்கை வசூலிப்பது பதிப்புரிமைச் சங்கங்கள். அங்கே உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் பதிவு செய்தால்தான் அந்தப் பணம் உங்களைத் தேடி வரும். ஒலிப்பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி என்று 12 இலக்க அடையாளம் உண்டு, எழுத்தும் எண்ணும் கலந்தது. வரியும் மெட்டும் சேர்ந்த பாட்டுக்கு ஐ.எஸ்.டபிள்யூ.சி என்று வேறொரு அடையாளம். அதே பாட்டை அக்கூஸ்டிக்காக மறுபடி பதிந்தால் புது ஐ.எஸ்.ஆர்.சி வேண்டும், ஐ.எஸ்.டபிள்யூ.சி பழையதேதான். விநியோகஸ்தரை மாற்றும்போது பழைய ஐ.எஸ்.ஆர்.சி எண்ணையே கொடுங்கள். புது எண் வாங்கினால் பாட்டின் பழைய கேட்புக் கணக்கு அறுந்துபோகும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிவைத்திருப்பது சலிப்பான வேலைதான், ஆனால் இந்தத் தொழிலில் சங்கீதம் தவிர்த்த நேரம் முழுக்கச் சலிப்பான வேலைதான்.

கூட எழுதியவர், ஒரு வரி திருத்திக் கொடுத்தவர், நடுவில் வயலின் வாசித்தவர் என்று யார் வந்தாலும், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை அன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவேன். வாசித்ததற்குக் கூலியா, பாட்டில் பங்கா, இரண்டுமா? நண்பர்களோடு இதைப் பேசுவது கூச்சமாக இருக்கும். பாட்டு ஓடாதபோது பேசினால் கூச்சம் மட்டும்தான் இருக்கும். ஓடிய பிறகு பேசினால் நட்பு இருக்காது.

இரண்டு உரிமையும் ஒரே கையில் இருப்பதன் பெரிய பலன் வேறு இடத்தில் இருக்கிறது. விளம்பரம், குறும்படம், இணையத் தொடர் ஆகியவற்றில் பாட்டைச் சேர்க்க இரண்டு உரிமைக்கும் தனித்தனியாக அனுமதி வேண்டும். பெரிய நிறுவனப் பாட்டு என்றால் இரண்டு, மூன்று இடத்தில் கேட்டு, வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். நம்மிடம் ஒரு மின்னஞ்சல் போதும். இந்த ஒரு அனுகூலத்துக்காகவே, முழு உரிமையையும் எழுதிக் கேட்கும் ஒப்பந்தம் எவ்வளவு இனிப்பாக வந்தாலும் நான் கையெழுத்துப் போடுவதில்லை. எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்ல முடியாத லூப், சாம்பிள் (பிறர் பதிவிலிருந்து எடுத்த ஒலித்துண்டு) எதையும் பாட்டில் சேர்ப்பதும் இல்லை. மேளமோ மணியோ எல்லாம் நானே வாசித்துப் பதிவது இங்கேதான் கைகொடுக்கிறது.

மேடைக்கு வந்தால், வாத்தியம் மாற்றுவதுதான் தனியாகப் பாடுபவரின் பெரிய எதிரி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் வாரை மாட்டி, ஒயரைச் செருகி, சுருதி பார்ப்பதற்குள் கூட்டம் கைப்பேசியை எடுத்துவிடும். ஏழு வாத்தியம் தெரிந்தாலும் மேடைக்கு இரண்டு போதும் என்பது என் விதி. பாட்டு வரிசையை டியூனிங்கின்படி அடுக்குவேன். திறந்த டியூனிங் (விரல் வைக்காமலே ஒரு கார்டு ஒலிக்கும்படி சுருதி சேர்ப்பது) பாட்டுகளெல்லாம் ஒரே கொத்தாக வரும். விளக்குச் சூட்டில் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும், அதனால் மேடையில் கொஞ்ச நேரம் வாத்தியம் இருந்த பிறகே சுருதி சேர்ப்பேன். சுருதி சேர்க்கும் நேரத்தில் பேச வேண்டியதை முன்கூட்டியே யோசித்துவைத்திருப்பேன். அதைத் தற்செயலான பேச்சு என்றுதான் கேட்பவர்கள் நினைப்பார்கள்.

வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் லூப்பர் பெடல் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பலரும் கேட்பதால். காலால் அழுத்திப் பதிவைத் தொடங்கி, சுற்று முடிந்து அதே அடி வரும்போது மறுபடி அழுத்தி முடிக்க வேண்டும். இரண்டாவது அழுத்தம் ஒரு இம்மி தாமதமானால் அந்த இம்மி பாட்டு முடியும்வரை ஒவ்வொரு சுற்றிலும் திரும்பித் திரும்பி வரும். இதற்குப் பயிற்சியைத் தவிர வேறு வழி இல்லை. நான் பெடலைக் கிட்டார் இல்லாமல், வெறும் வாயால் தாளம் சொல்லி அழுத்திப் பழகினேன். பெரிய சிக்கல் அதைவிட வேறு: நான்கு கார்டைச் சுற்றவிட்டால் பல்லவிக்கும் சரணத்துக்கும் அதே நான்கு கார்டுதான். பாட்டு எங்கேயும் போகாமல் செக்குமாடு போலச் சுற்றும். இதற்கு நான் கண்ட வழி, லூப்பில் கார்டே வைக்காமல் இருப்பது. கிட்டாரின் உடம்பைத் தட்டிக் கனமான அடி, கம்பியை அமுக்கி உரசிய சத்தம் மேலடி, அவ்வளவுதான் லூப். கார்டு முழுக்க நேரலையில் கையால். சரணத்தில் எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம், தாளம் கூடவே வரும். கடைசிப் பல்லவிக்கு மட்டும் குரலை இரண்டு அடுக்காகச் சேர்த்துவிட்டால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

சத்த ஏற்பாட்டில் ஒரே ஒரு யோசனை: கிட்டாரை மிக்சரோடு இணைக்கும் டி.ஐ பெட்டி உங்கள் சொந்தமாக ஒன்றைக் கொண்டுபோங்கள். அக்கூஸ்டிக் கிட்டார் பிக்கப்பை (அதிர்வை மின்சைகையாக்கும் கருவி) நேராக நீண்ட ஒயரில் அனுப்பினால் மேல்சத்தம் மங்கி, இரைச்சல் சேரும். டி.ஐ பெட்டி அதைத் தாழ்ந்த மின்தடையாக மாற்றி அனுப்பும். மின்சாரம் தேவைப்படும் ஆக்டிவ் வகை என்றால் மிக்சரிலிருந்து ஒயர் வழியே வரும் 48 வோல்ட் பேன்டம் பவர் கேளுங்கள், பேட்டரியும் பையில் இருக்கட்டும். மிக்சரில் இருக்கும் ஒலிப்பொறியாளரின் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லிப் பேசுங்கள். அன்றைக்கு உங்கள் குரல் அவர் கையில்.

காதுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். ஒத்திகை அறையில் டிரம்ஸ் பக்கத்தில் நின்றால் அந்தப் பதினைந்து நிமிடம் இரண்டு பாட்டில் தீர்ந்துவிடும். இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள், இதில் விவாதமே இல்லை. தொண்டை கட்டினால் கிசுகிசுப்பாகப் பேசுவது ஓய்வு என்று நினைக்க வேண்டாம், அதுவும் தொண்டைக்கு வேலைதான். பேசாமல் இருப்பதுதான் ஓய்வு.

எதை நானே செய்வது, எதைக் கொடுத்துவிடுவது என்ற கேள்வி ஒவ்வொரு பாட்டிலும் வரும். மிக்ஸ் முடிந்த பாட்டுக்கு வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலிச்சீரான மாஸ்டரிங்கை நான் எப்போதும் வெளியே கொடுத்துவிடுகிறேன். பாட்டை ஆயிரம் முறை கேட்ட காது அதன் குறையைக் கேட்காது. ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் சுமார் மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன் செய்துதான் ஒலிபரப்புகிறது, அதனால் சத்தமாக்கச் சொல்லி மாஸ்டரிங் செய்பவரை நெருக்குவதில் அர்த்தமும் இல்லை. டிரம்ஸைச் சமீப காலமாகக் கொடுத்துவருகிறேன். வேகமான பாட்டில் நான் வாசிக்கும் டிரம்ஸ் தவறில்லாமல் இருக்கும், அவ்வளவுதான். கடந்த முறை ஒரு டிரம்ஸ்காரர் வந்து உட்கார்ந்து, பாட்டை ஒரு முறை கேட்டுவிட்டு, "ரெண்டாவது சரணத்துல நான் வாசிக்கவே வேணாம்னு தோணுது" என்றார். வாசிக்காமல் இருக்கலாம் என்ற யோசனை எனக்கு வந்திருக்காது. எனக்குத் தெரிந்த வாத்தியம் கைக்கெட்டும் தூரத்தில் சும்மா இருந்தால் கை அதை எடுத்துவிடும். அதனாலேயே ஒரு பாட்டுக்கு ஒருவராவது வெளியாள் வர வேண்டும் என்று வைத்திருக்கிறேன். பேஸோ, குரலோ, வெறும் கைதட்டலோ, ஏதாவது ஒன்றில்.

ஒரு பாட்டு முடிந்ததும் அன்றைக்கே செய்யும் வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி வேவ் கோப்பாக வெளியே எடுத்து, குரல் இல்லாத வடிவம், வரி இல்லாமல் ஹம்மிங் மட்டும் உள்ள வடிவம் இரண்டையும் சேர்த்து, மூன்று இடத்தில் சேமிப்பேன். ஒன்று வீட்டுக்கு வெளியே. கூடவே ஒரு சிறு குறிப்பு: வேகம், சுருதி, டியூனிங், கேப்போ எந்த ஃபிரெட்டில், கம்பியின் கனம், எந்த மைக் எவ்வளவு தூரத்தில். மென்பொருள் மாறும், அதோடு சேர்க்கும் பிளக்இன் செத்துப்போகும், வேவ் கோப்பு எங்கேயும் திறக்கும். வெளியிட்டுச் சில வருடமாகியும் யாரும் பெரிதாகக் கவனிக்காத ஒரு பாட்டை ஒரு குறும்பட இயக்குநர் கேட்டு எழுதியிருந்தார். குரல் வேண்டாம், டிரம்ஸ் வேண்டாம், கிட்டாரும் மாண்டலினும் மட்டும் வேண்டும், படத்தொகுப்பு மேசையில் காத்திருக்கிறோம் என்றார். அன்று மாலையே கோப்பு போய்ச் சேர்ந்தது, இரண்டு உரிமைக்கும் ஒரே தாளில் கையெழுத்து. அதில் வந்த தொகை, அந்தப் பாட்டு அதுவரை ஸ்ட்ரீமிங்கில் சம்பாதித்த மொத்தத்தைவிட அதிகம்.